விராலுக்கு ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டரா?

வணக்கம் நண்பர்களே. தஞ்சாவூர்ப் பக்கம் குளங்களில் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) போட்டு விரால் பிடிப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் (நூலைச் சுற்றி இழுக்கும் கருவி; இந்த வகையில் வீசும்போது ஸ்பூல் சுழலாது). 5 கிராம் லூரைக்கூடச் சிரமமில்லாமல் வீசலாம். ஜிலேபிக்கும் கெண்டைக்கும் இதுவே தாராளம். ஆனால் விரால் வேறு ரகம். தவளையைக் கவ்வியதும் தாமரைத் தண்டுக்குள் தலையை நுழைத்துவிடும். அந்த நொடியே இழுத்து மேலே கொண்டுவராவிட்டால் கொடியில் சுற்றிக்கொண்டு தப்பிவிடும். 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்) போட்டு இழுக்கும்போது இந்த ரீல் திணறுவது கைப்பிடியிலேயே தெரிகிறது.

பெய்ட்காஸ்டர் என்பது வீசும்போது ஸ்பூலே (நூல் சுற்றிய உருளை) சுழலும் ரீல். அதில் இழுவை அதிகம், கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்தி லூரை நினைத்த இடத்தில் இறக்கலாம். ஆனால் லேசான லூரை எதிர்க்காற்றில் வீசினால் ஸ்பூலில் நூல் குழம்பிச் சிக்கிக்கொள்ளும். ஸ்பூலின் வேகத்தைக் குறைக்கும் பிரேக்கைக் கூட்டினால் தூரம் போகாது.

என் தவளைகள் பெரும்பாலும் 8 முதல் 12 கிராம். இந்த எடைக்கு 7:1 கியர் (கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் ஏழு முறை சுற்றும்) உள்ள பெய்ட்காஸ்டர் சரிவருமா? இல்லை, 4000 அளவு ஸ்பின்னிங்குக்கே போய்விடலாமா? பட்ஜெட் 4,000 ரூபாய். அப்புறம், புதிதாகப் பழகுபவருக்கு மேக்னெட்டிக் (காந்த) பிரேக் நல்லதா, சென்ட்ரிஃபியூகல் (மையவிலக்கு விசை) பிரேக்கா? எந்த ராடோடு (தூண்டில் கோல்) சேர்த்துப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.