சரவாங்கியும் தாம்பத்தியமும்: ஆறு வருஷம் வாய் திறக்காமல் இருந்த கதை

மஞ்சக்குப்பம், பெண், 41 வயது

எனக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் சரவாங்கி என்றுதான் சொல்வார்கள். முதலில் கை விரலும் மணிக்கட்டும், மூன்றாம் வருஷத்திலிருந்து இடுப்பு மூட்டும். காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. இட்லி மாவு டப்பாவைத் திறக்க மகனைக் கூப்பிடுவேன். இதையெல்லாம் பாண்டிச்சேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்காவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி விஷயத்தை மட்டும் ஆறு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

ஜாக்கெட் கொக்கியை என்னால் கழற்ற முடியாது. அவர்தான் கழற்றிவிடுவார். கல்யாணமான புதிதில் அதற்கு வேறு அர்த்தம். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலில் இடிக்காமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, நைட்டியை மாட்டிவிட்டு லைட்டை அணைத்துவிடுவார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இடது இடுப்பு வலிக்கும், அதனால் வலது பக்கமாகத்தான் படுக்க முடியும். சுவர் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். அவர் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டார். அவர் கிட்டே வராததை, வீங்கின கையும் ஸ்டீராய்டில் உப்பின முகமும் பிடிக்காமல் போனதாக நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருமே கேட்கவில்லை.

இரண்டு மூன்று டாக்டர்களிடம் பார்த்திருக்கிறேன். எல்லோரும் மூட்டை அழுத்திப் பார்ப்பார்கள், உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இ.எஸ்.ஆர். ரத்த டெஸ்ட் பார்ப்பார்கள். அப்புறம் ஜிப்மரில் க்ளினிக்கல் இம்யூனாலஜி (எதிர்ப்புச் சக்திக் கோளாறுகளைப் பார்க்கும்) பிரிவுக்குப் போனபோது ஒரு பெண் டாக்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதா? ஆமாம். தண்ணீர் இல்லாமல் பிஸ்கட் விழுங்க முடிகிறதா? முடியவில்லை. அதே குரலில், "கீழேயும் வறட்சி இருக்கிறதா? உறவின்போது எரிகிறதா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஷோகிரன் என்று ஒரு கோளாறாம். கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை நம் எதிர்ப்புச் சக்தியே தாக்கும்; முடக்குவாதக்காரர்கள் சிலருக்குக் கூடவே வரும்; பிறப்புறுப்பும் வறண்டு போகலாம். ஆசை இல்லாததால் வந்த வறட்சி என்றே நான் நினைத்திருந்தேன். டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். உறவின்போது வறட்சிக்குத் தடவ, எண்ணெய் இல்லாமல் தண்ணீரில் செய்த ஜெல் வாங்கச் சொன்னார். ராத்திரிதான் என்று என்ன சட்டம், மூட்டு இளகியிருக்கும் நேரமாகப் பாருங்கள் என்றார். இப்போது ஞாயிறு மதியம், பையன் டியூஷன் போன பிறகு. அதற்கு முன்னால் வெந்நீர்க் குளியல், முட்டிக்கு இடையே ஒரு தலையணை, ஒருக்களித்த நிலை. டாக்டர் கொடுத்த வலி மாத்திரையையும் அந்த நேரத்துக்குத் தோதாக மாற்றிக்கொண்டேன். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைப் போட்ட மறுநாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், அன்றைக்கு எதுவும் கிடையாது.

கட்டிலில் இடம் மாறிப் படுத்தோம். இப்போது வலது பக்கம் திரும்பினால் அவர் முகம்.

அரியாங்குப்பம், ஆண், 34 வயது

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆண்களுக்கும் இது உண்டு. வலியும் சோர்வும் இருக்கும்போது விறைப்பு வராமல் போகும், அதை நினைத்தே அடுத்த தடவையும் வராது. எனக்கு இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருஷமாகக் குழந்தை இல்லை, சொந்தக்காரர்கள் எல்லாம் என் மனைவியைத்தான் கேட்டார்கள். கடைசியில் பார்த்தால் முடக்குவாதத்துக்கு நான் சாப்பிட்ட சல்பாசாலசின் மாத்திரை விந்தணு எண்ணிக்கையைக் குறைத்திருந்தது. டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார், மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்ட்டில் எண்ணிக்கை ஏறியிருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மூட்டு கெட்டுவிடும். கேட்டு மாற்றுங்கள். அவள் கோவில் கோவிலாக விரதம் இருந்ததை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

நெல்லிக்குப்பம், பெண், 29 வயது

ஜெல்லுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் போடலாமா அக்கா? கடையில் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மஞ்சக்குப்பம், பெண், 41 வயது

நீ மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறாயா கண்ணு? அப்படியானால் கரு தங்கக் கூடாது, சிசுவைப் பாதிக்கும். குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை ஆணுறை போடுகிறீர்கள் என்றால் எண்ணெய் படவே கூடாது, ரப்பர் இளகிக் கிழிந்துவிடும். ஜெல்தான் சரி. மெடிக்கலில் கேட்கக் கூச்சமாக இருந்தால் டாக்டரையே சீட்டில் எழுதித் தரச் சொல், நான் அப்படித்தான் வாங்கினேன். சீட்டை நீட்டினால் போதும், வாயைத் திறக்க வேண்டாம்.