பாமினியில் கிடக்கும் பழைய இதழ்களை வலையேற்ற எந்தக் கருவிகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: காலாண்டிதழ்க்காரன்

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டம் நடத்தும் காலாண்டிதழின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றும் பொறுப்பு, கணினி தெரிந்தவன் என்ற ஒரே காரணத்தால் என் தலையில் விழுந்திருக்கிறது. 2003 முதல் 2014 வரையிலான கோப்புகள் யாவும் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு நிரலில், பாமினி எழுத்துருவில் அச்சுக்காக அடித்தவை. கைவசம் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய விண்டோஸ் மடிக்கணினி. நேரமோ இரவு உணவுக்குப் பின் கிடைக்கும் ஒன்றரை மணி.

சிறந்த கருவிகள் என்று இணையத்தில் காணப்படும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத் தளம் கட்டுவோருக்கே பயன்படுகின்றன. நீங்கள் நாள்தோறும் கைவைக்கும் கருவிகளில், இது இல்லையென்றால் வேலை நின்றுவிடும் என்று சொல்லத்தக்கவை எவை? தளம் கட்டுதல், அட்டை வடிவமைப்பு, அன்றாட ஒழுங்கு ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

பதில்: கரையோரம்

வணக்கம் நண்பரே. உங்கள் சிக்கலின் வேர் பாமினியில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பாமினிக் கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல் உண்மையில் ஜே, கே, பீ, ஓ, செமிகோலன் ஆகிய ஐந்து குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். இதை யுனிகோடாக்கும், அதாவது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டுக்குக் கொண்டுவரும் இலவச மாற்றிகள் பல இருந்தாலும், மாற்றியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பாமினியில் ‘மொழி’ என்று அடிக்கும்போது முதலில் கொம்பு, பிறகு மகரம், அதன்பின் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பார்கள். அரைகுறை மாற்றி கொம்பை மகரத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, காலைத் தனியாக விட்டுவிடும். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் யுனிகோடில் ஒகரக் குறிக்குத் தனி இடம் உண்டு என்பதால், முறையாக அடித்த ‘மொழி’ நான்கு குறிகளாகவும், மாற்றி தந்த ‘மொழி’ ஐந்து குறிகளாகவும் இருக்கும். உங்கள் தளத்தின் தேடுபெட்டி இரண்டையும் வேறு வேறு சொற்களாக எண்ணிக் கைவிரித்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள நார்மலைஸ் கட்டளையை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஏவினால் ஒரே வரியில் இது தீரும்.

ஔகாரத்துக்கு மட்டும் இந்த மருந்து பலிக்காது. பழைய கோப்புகளில் அதைக் கொம்பும் ளகரமுமாகவே அடித்திருப்பார்கள். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

எழுதுவதற்குப் பலரும் விஎஸ் கோட் என்னும் உரைத்திருத்தியைப் பரிந்துரைப்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் 4 ஜிபி நினைவகத்தில் உலாவியும் அதுவும் சேர்ந்தால் மூச்சு வாங்கும். அதைவிட எளிய நோட்பேட் பிளஸ் பிளஸ் உங்களுக்குப் போதும். எழுதிய கோப்புகளை வலைப்பக்கங்களாக்கித் தரும் ஹ்யூகோ கொண்டு தளத்தைக் கட்டுங்கள்; நிறுவவேண்டியது ஒரே ஒரு நிரல்கோப்புதான், தரவுத்தளம் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வோர் இரவும் செய்த வேலையை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் நிரலான கிட்டில் பதிந்துவையுங்கள். கோப்புகளுக்குத் தமிழில் பெயரிட்டால், ககரம் இருக்கவேண்டிய இடத்தில் \340\256\225 என்று எண்களைக் காட்டி கிட் உங்களை மிரட்டும். கோப்பு கெட்டுவிடவில்லை, கோட்பாத் (quotepath) என்னும் அமைப்பை அணைத்துவிட்டால் பெயர் தமிழிலேயே தெரியும்.

பதில்: கோணல்கோடு

அட்டைக்கு இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை நிரல். கட்டணம் இல்லை என்பதைவிட, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும் என்பதே எனக்குப் பெரிது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழை ஒட்டியதும் எழுத்துகள் சிதறுவதாகச் சொல்பவர்கள், எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கினார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

கட்டுரைகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புகளுக்குக் கட்டமரான் என்பது என் விருப்பம். கட்டுமரத்தின் பெயரைக் கொண்ட அந்த எழுத்துரு ஒன்பது தடிமன்களில், திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. ஆங்கில வார்ப்புருக்களில் உள்ள வரி உயரத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். ‘கூ’, ‘ஞீ’ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் இடம் கேட்பவை, நான் 1.7-க்குக் குறைப்பதில்லை. ஃபயர்பாக்ஸின் ஆய்வுக் கருவியில் எழுத்துருக்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. நாம் கேட்ட எழுத்துருதான் வந்திருக்கிறதா, அல்லது விண்டோஸ் சத்தமில்லாமல் தன்னுடைய நிர்மலா எழுத்துருவைப் போட்டுவிட்டதா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

இவை அனைத்துக்கும் முன்னால் எனக்கு வேண்டியவை ஒரு 2பி பென்சிலும் கட்டம்போட்ட கணக்கு நோட்டும். இதழின் பெயரைக் கையால் இருபது முறை எழுதிப் பார்க்காமல் நான் கணினியைத் திறப்பதில்லை.

பதில்: மெய்ப்புப்பார்வை

தம்பி, மாற்றிய கட்டுரைகளில் திருத்தம் நிறைய வரும் என்பதால், விசைப்பலகையைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 அமைப்பையே நான் பயன்படுத்துகிறேன். இப்போதைய விண்டோஸிலேயே அது இருக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமையும். வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறு தட்டலில் ‘வணக்கம்’ வந்துவிடும். இரண்டு ககரம் அடுத்தடுத்து வந்ததும் முதலாவதன் மேல் புள்ளி தானாகவே விழும். ஆங்கில ஒலிப்பில் அதே சொல்லுக்கு எட்டு எழுத்துகளும், ணகரத்துக்காக ஷிஃப்ட்டும் தேவை. முதல் இரண்டு வாரங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும்.

மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள். அகலமான வரி இடைவெளியில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். கைப்பேசியை வாசிக்கச்சொல்லிக் கேட்பதும் விட்டுப்போன சொற்களைப் பிடிக்க உதவும். ஆனால் ணகர, னகரப் பிழைகளைக் காதால் பிடிக்க முடிந்ததாக எனக்கு நினைவில்லை. ஒன்றரை மணி நேரம் என்று சொன்னீர்கள். நான் சமையலறையின் சாவி கொடுக்கும் மணிக்கடிகாரத்தை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கைப்பேசியில் நேரம் வைத்தால் அதைப் பார்க்கப்போய் வேறெங்கோ போய்விடுகிறேன்.

கேட்டவரின் மறுமொழி: காலாண்டிதழ்க்காரன்

மூவருக்கும் நன்றி. 2006-ஆம் ஆண்டு இதழ் ஒன்றை மட்டும் மாற்றி, சோதனையாக ஏற்றிப் பார்த்தேன். தேடுபெட்டியில் ‘மொழி’ என்று கொடுத்தபோது மூன்று கட்டுரைகளே வந்தன. கரையோரம் ஐயா சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்த்தபின் பதினொன்று வந்தன. ‘கௌரவம்’, ‘மௌனம்’ ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் ளகரங்களை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டிருக்கிறேன்; மௌனத்தைப் பற்றியே எட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். தமிழ்99 வரைபடத்தை அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன் அக்கா. நேற்றிரவு ‘வணக்கம்’ என்று அடிக்க எனக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆயிற்று.