அவசரம்: பிரின்ஸ்டன் எர்லி + பிஎஸ்/எம்டி. கவுன்சிலர் கையெழுத்துப் போட மாட்டேங்கறார்

எடிசன்_அம்மா:
வணக்கம். பொண்ணு 12வது. பிரின்ஸ்டனுக்கு எர்லி (முன்கூட்டியே போடற விண்ணப்பம்), கூடவே பிஎஸ்/எம்டி (இளங்கலையும் டாக்டர் படிப்பும் சேர்ந்த திட்டம்) மூணு இடத்துக்குப் போடறா. காமன் ஆப்ல (பல கல்லூரிக்கும் பொதுவான ஆன்லைன் விண்ணப்பம்) எல்லாம் ரெடி. நவம்பர் 1 கடைசி நாள். ஸ்கூல் கவுன்சிலர் ஃபார்ம்ல கையெழுத்துப் போட முடியாதுன்னுட்டார். கேட்டா "ரூல்ஸ்"ங்கறார். பப்ளிக் காலேஜுக்குப் போட்டா பரவாயில்லைன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்டெத்தோ:
எந்த மூணு இடம்? அரசா, தனியாரா? ஒவ்வொண்ணுக்கும் எர்லியா, ரெகுலரா? "ஃபார்ம்"னா எது? இது தெரியாம பதில் சொல்ல முடியாதுங்க.

கொங்கு_டல்லஸ்:
ஃபெர்பாதான் (மாணவர் பதிவுகளோட தனியுரிமைச் சட்டம்) பிரச்சினை. அந்த ஒப்புதலை முடிக்கலைன்னா கவுன்சிலர், டீச்சர் யாரையும் காமன் ஆப்ல சேர்க்கவே முடியாது. லெட்டரைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கலைன்னா சிலர் எழுதவே மாட்டாங்க. அதை முதல்ல பாருங்க.

ஸ்டெத்தோ:
ஃபெர்பாவுக்குக் கவுன்சிலர் கையெழுத்து வேண்டாமே சகோ. அது மாணவர் போடறது.

மணிமுத்தாறு:
எந்த மாநிலம்? கிரீன் கார்டா, சிட்டிசனா, ஹெச்4ஆ (வேலை விசாவில இருக்கறவங்க குடும்பத்துக்கான விசா)? பிஎஸ்/எம்டிக்கு முதல் கேள்வியே அதுதான்.

ஆல்பனி_வாசி:
வருஷா வருஷம் அக்டோபர் கடைசி வாரம் இதே கேள்வி. தேடிப் பார்த்தால் பத்து இழை கிடைக்கும், யாரும் தேடுவதில்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன். பிரின்ஸ்டன் வைத்திருப்பது ஒற்றைத் தேர்வு எர்லி. வேறு எந்தத் தனியார் பல்கலையின் எர்லி திட்டத்திலும் விண்ணப்பிக்கக் கூடாது. கட்டுப்படுத்தாத (கிடைத்தாலும் சேர்ந்தே ஆகவேண்டும் என்றில்லாத) எர்லி என்றால் அரசுப் பல்கலைக்குப் போடலாம். ரோலிங் (விண்ணப்பம் வர வர முடிவு சொல்லும்) இடங்களுக்கும் தடை இல்லை. விதியே இவ்வளவுதான். டாக்டர் ஆக்கியே தீருவது என்றிருப்பவர்களுக்கு இன்னொன்று: பிரின்ஸ்டனில் மருத்துவக் கல்லூரியே கிடையாது.

மணிமுத்தாறு:
மருத்துவக் கல்லூரி இல்லாத இடத்துல ப்ரீமெட் (மருத்துவத்துக்கு முந்தின இளங்கலை) படிக்கக் கூடாதுன்னு யார் சொன்னா? பேச்சு அதுவா இப்போ?

ஸ்டெத்தோ:
ஆல்பனி சொன்ன விதி சரி. ஆனா விதி பார்க்கறது தேதியை இல்லை, திட்டத்தை. சில தனியார் பிஎஸ்/எம்டி திட்டங்களுக்குக் கடைசி நாள் நவம்பர்லயே வரும், விண்ணப்பம் மட்டும் ரெகுலர்ல போகும். அந்த மாதிரி இருந்தா பிரின்ஸ்டன் அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டு, எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. ஸ்டான்ஃபோர்டு தன் விதியில இப்படிப்பட்ட சிறப்புத் திட்டங்களுக்கு விலக்கு எழுதியே வெச்சிருக்கு. அதைப் படிச்சிட்டு எல்லா இடமும் அப்படித்தான்னு நினைச்சுடாதீங்க.

கையெழுத்து விஷயத்துல எனக்கு ஒரு சந்தேகம். மாணவர், பெற்றோர், கவுன்சிலர்னு மூணு பேரும் கையெழுத்துப் போடறது ஈடி (எர்லி டிசிஷன்) ஒப்பந்தத்துல. எங்கேயாவது ஈடி டிக் பண்ணியிருக்காளா, பாருங்க.

எடிசன்_அம்மா:
ஆமா, பிரவுன் பல்கலையோட பிஎல்எம்இ (எட்டு வருஷ மருத்துவத் திட்டம்), ஈடி. மத்தது டிசிஎன்ஜே (காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி), ஆர்பிஐ (ரென்சலர் பாலிடெக்னிக்). நாங்க ஹெச்4. அது முக்கியமா?

மணிமுத்தாறு:
முக்கியமாவா! அதைத்தான் முதல் வரியிலயே எழுதியிருக்கணும்.

ஸ்டெத்தோ:
அப்ப கவுன்சிலர் பண்ணது சரி. ஈடின்னா கிடைச்சா போயே ஆகணும். பிரவுன் தனியார். பிரின்ஸ்டன் எர்லியோட அதைச் சேர்த்துப் போட்டா பிரின்ஸ்டன் விதி உடையும்.

ஈடியா ரெகுலரான்னு முடிவெடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. பிரவுன்ல இடம் கிடைச்சு பிஎல்எம்இ கிடைக்காமப் போனாலும் ஈடி கட்டுப்படுத்தும். எட்டு வருஷ டாக்டர் சீட்டை நினைச்சுப் போட்டவங்க வெறும் நாலு வருஷ பிரவுனோட நிப்பாங்க. பிஎல்எம்இ ரெகுலர்லயும் உண்டு. எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) வேண்டாம்கற வசதியும் மாறாது.

மாத்தறதுக்கு: காமன் ஆப்ல என் கல்லூரிகள், பிரவுன், கேள்விகள் பகுதி, அனுமதித் திட்டத்தை ரெகுலர்னு மாத்துங்க. ஒப்பந்தப் பகுதி போயிடும். பிஎல்எம்இக்கு "ஆம்"ங்கறதை மட்டும் தொடாதீங்க, அதை எடுத்தா அதுக்கான கட்டுரைக் கேள்விகளும் மறைஞ்சிடும். இதெல்லாம் சமர்ப்பிக்கறதுக்கு முன்னாடிதான். அனுப்பியாச்சுன்னா பிரவுனுக்கே எழுதணும்.

மணிமுத்தாறு:
டிசிஎன்ஜே அரசுக் கல்லூரி, அதனால பிரின்ஸ்டன் விதி அதைத் தடுக்காது. நீங்க கேட்டது சரிதான், ஆனா பிரயோஜனம் இல்லை. அவங்களோட 7 வருஷத் திட்டம் நியூ ஜெர்சி மெடிக்கல் ஸ்கூலோட இணைஞ்சது, குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவங்களுக்கும்தான். சாதாரண பயாலஜிக்கு வேணா போடலாம். ஆர்பிஐ–ஆல்பனி மெடிக்கல் காலேஜ் திட்டத்தோட இணையப் பக்கத்துலயும் தகுதிப் பத்தியை முதல்ல படிச்சிட்டு, அப்புறம் கட்டுரையைத் தொடச் சொல்லுங்க.

பிரவுன் இந்த நிலையில இருக்கற பிள்ளைகளையும் எடுக்கும். 2025ல சேர்ந்த பேட்ச்லேர்ந்து வெளிநாட்டு மாணவர்களுக்கும் பண வசதி பார்க்காமத்தான் இளங்கலைக்குத் தேர்வு. ஹெச்4க்கு ஃபாஃப்சா (அரசு உதவித்தொகை விண்ணப்பம்) வழியா எதுவும் வராது, சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (கல்லூரி தர்ற உதவித்தொகைக்கான விண்ணப்பம்) போடுங்க. உதவித்தொகை கேட்கறதா இருந்தா விண்ணப்பிக்கும்போதே கேட்கணும்.

இன்னொண்ணு, 21 வயசு. அதுக்குள்ள கிரீன் கார்டு வரலைன்னா, சிஎஸ்பிஏ (பிள்ளைங்க வயசைக் கணக்கிடற குடியேற்றச் சட்டம்) கணக்குலயும் தப்பலைன்னா, ஹெச்4 முடிஞ்சிடும். படிப்பு நடுவுல எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறணும். எட்டு வருஷப் படிப்புல அது மூணாவது, நாலாவது வருஷம் வந்து நிக்கும்.

கொங்கு_டல்லஸ்:
இவ்வளவு சிக்கல் எதுக்கு? பொண்ணு இந்தியக் குடிமகள்தானே. நீட் எழுதி என்ஆர்ஐ கோட்டால எம்பிபிஎஸ் சேருங்க. அஞ்சரை வருஷத்துல டாக்டர்.

ஸ்டெத்தோ:
இங்க 12வது முடிச்ச பிள்ளைக்கு 11, 12ல இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் இருந்திருக்கணும். சமநிலைச் சான்று வாங்கணும். 180 கேள்வி, 720 மார்க், என்சிஇஆர்டி பாடப்புத்தகம் வரி வரியா. ஏபி பயாலஜியில (இங்க பள்ளியில எழுதற கல்லூரி நிலைத் தேர்வு) 5 வாங்கினா போதும்னு நினைக்காதீங்க.

கொங்கு_டல்லஸ்:
அங்க லட்சக்கணக்கான பிள்ளைங்க எழுதலையா? செலவையும் கணக்குப் போட்டுப் பாருங்க.

ஆல்பனி_வாசி:
போட்டுப் பார்த்ததால்தான் சொல்கிறேன். திரும்பி வந்து ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) சேர, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான ஈசிஎஃப்எம்ஜி சான்று வேண்டும். ஜே1 விசாவில் சேர்ந்தால், விலக்கு கிடைக்காதவரை இரண்டு வருடம் ஊர் திரும்பி இருக்க வேண்டும். அமெரிக்க எம்டிக்கு ஈசிஎஃப்எம்ஜி வேண்டாம். மருத்துவ உரிமத் தேர்வின் முதல் பகுதியான ஸ்டெப் 1 ஐயும் 2022லிருந்து வெறும் பாஸ்/ஃபெயில் ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் அந்த மார்க்கைக் காட்டித் தலை நிமிர்ந்த காலம் போய்விட்டது.

கொங்கு_டல்லஸ்:
எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசுங்க. ஊர்ல படிச்சு வந்த டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி ஒண்ணு இந்த நாட்டுல காட்டுங்க.

ஆல்பனி_வாசி:
அவர்கள் வந்த காலம் வேறு.

மணிமுத்தாறு:
தனி இழை போட்டு அடிச்சுக்கோங்கப்பா. அந்த அம்மாவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு.

எடிசன்_அம்மா:
பிரவுனை ரெகுலருக்கு மாத்திட்டோம், பிரின்ஸ்டன் எர்லி அப்படியே இருக்கு. கையெழுத்தே தேவைப்படலை. நன்றி.

ஸ்டெத்தோ:
நல்லது. டிசிஎன்ஜே, ஆர்பிஐ என்ன பண்ணீங்க? ஆர்பிஐயை எர்லின்னு போட்டிருந்தா அதே பிரச்சினை திரும்ப வரும்.

மணிமுத்தாறு:
மேடம்?