மே லீவு, வளவு வீடு, 3, 6, 9 வயதுப் பிள்ளைகள் கூட்டம்: செய்து விளையாட என்னென்ன, எது எங்கே சொதப்பும்

கண்டனூர் மருமகள்:

மே மாசம் முழுக்க வீடு நிறையப் பிள்ளைகள். 3 வயசு, 6 வயசு, 9 வயசு. செட்டிநாட்டு வீடு, முகப்பு, வளவு (நடு முற்றமும் சுத்தியிருக்கிற பத்தித் தாழ்வாரமும்), ரெண்டாங்கட்டு, பின்னால தோட்டம் எல்லாம் இருக்கு. "அந்தக் காலத்துல என்னமா விளையாடுனோம்"னு பேசுறவங்க நிறைய. எத்தனை அங்குலம், எத்தனை கரண்டி, எது உடையும், எது வாய்க்குள்ள போகும்னு சொல்றவங்கதான் இல்லை. செஞ்சு பழக்கமானவங்க அளவோட எழுதுங்க.

பனங்காட்டான்:

இது நுங்குக் காலம், அதனால நுங்கு வண்டியில ஆரம்பிக்கலாம்.

ரெண்டு நுங்குக் கூடு (சுளை எடுத்த பனங்காய்), ஒரு அச்சுக் குச்சி, ஒரு கவட்டைக் கம்பு. அவ்வளவுதான் சாமான். ஆனா பத்து வண்டியில ஏழு வண்டி தெருமுனை தாண்டாது. முதல் காரணம், கூடு ரெண்டும் ஒரே அளவா இருக்காது. ஒண்ணு சின்னதா இருந்தா வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கிட்டு வட்டம் போடும். பிள்ளை தனக்கு ஓட்டத் தெரியலைன்னு நினைச்சு அழும். தப்பு சக்கரத்துல.

அச்சுக் குச்சி விரல் தடிமன், 10 முதல் 12 அங்குலம். வேம்பு நல்லது. ரெண்டு முனையையும் சீவி, காம்புப் பக்கத்து நடுவிலிருந்து வெட்டின முகத்து நடுவுக்குச் செருகணும். நடு தப்பினா ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி குதிக்கும். அதனால முதல்ல ஒரு கம்பியை விட்டு ஓட்டை போட்டு, தரையில உருட்டிப் பார்த்துட்டு அப்புறம் குச்சியை அடிங்க. நுங்கு தின்ன அன்னைக்கே குத்திடணும். மறுநாள் நார் இறுகிப்போய் சுத்தியல் தேவைப்படும், கூடும் பிளக்கும்.

குச்சி கூட்டுல இறுக்கமா நிக்கணும், கவட்டைக்குள்ளதான் சுழலணும். நிறையப் பேர் இதைத் தலைகீழாச் செய்றாங்க. கவட்டை இடைவெளி அச்சைவிட ஒரு நூல் (அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு) அதிகமா இருந்தாப் போதும். அகலமா இருந்தா வண்டி மேடு ஏறுறப்ப அச்சு நழுவிடும். கம்பு உயரம் பிள்ளையோட நெஞ்சு வரைக்கும். குட்டையா இருந்தா குனிஞ்சு ஓடித் தடுக்கி விழும்.

முன்னால தள்ளத்தான் முடியும், பின்னால இழுத்தாக் கழண்டுடும். சட்டுனு திருப்பினாலும் கழண்டுடும், ஏன்னா ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல இறுகி நிக்குது, ஒண்ணு அரைஞ்சுக்கிட்டுத்தான் திரும்பணும். வட்டமா, மெதுவாத் திருப்பச் சொல்லிக் குடுங்க. அச்சு முனை கூட்டை விட்டு வெளிய அரை அங்குலத்துக்கு மேல நீட்டக் கூடாது, பக்கத்துல ஓடுற பிள்ளை காலைக் கிழிக்கும்.

மூணு நாலு நாள்ல வெயில்ல சுருங்கி ஆட ஆரம்பிக்கும். பழைய துணியை அச்சுல சுத்தி இறுக்கினா இன்னும் ரெண்டு நாள் ஓடும். அதுக்கு மேல எருக்குழிதான். தின்னு முடிச்சதும் உள்பக்கத்தை நல்லாக் கழுவலைன்னா எறும்பும் ஈயும் வண்டியோடயே வரும். தொலியோட கறை துணியில ஏறினாப் போகாது, பழைய சட்டை போட்டு விடுங்க. வளவுக்குள்ள ஓட்ட விடாதீங்க. தெருவுலதான் வண்டி.

ஆத்தங்குடிப் பக்கம்:

வளவுக்குள்ள வண்டி வேண்டாம்னு அண்ணன் சொன்னதோட, தரையைப் பத்தி ஒண்ணு சேர்க்கணும். இந்த வீடுகள்ல தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடி ஓடு சூளையில சுட்டது இல்லை. கண்ணாடி மேல வண்ணக் கலவையை ஊத்தி, மேல சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணியில ஊற வச்சு இறுகினது. அதனால புளிக்கரைசல், எலுமிச்சை ரெண்டும் அதுக்கு ஆகாது. சிந்தின இடத்துல பளபளப்பு செத்துப் போகும், அப்புறம் தேய்ச்சாலும் வராது. பிள்ளைகளுக்கு எலுமிச்சைத் தண்ணி கலக்குற விளையாட்டெல்லாம் பின்கட்டுல. ஓட்டு மேல வெள்ளைச் சாக்பீஸ் போதும், கலர் சாக்பீஸ் ஈரம் பட்டா இறங்கும். ஸ்கெட்ச் பேனாவை அந்தப் பக்கமே கொண்டு வராதீங்க.

பள்ளத்தூர் ஆச்சி:

நாலு சுவத்துக்குள்ள மத்தியானம் என்ன பண்றதுங்கறதுதான் இங்க பெரிய பாடு. 11 மணிக்கு மேல வெளிய விட முடியாது.

பல்லாங்குழிக்கு மரப்பலகை இருந்தா நல்லது. இல்லாட்டி 30 முட்டை அட்டை. அதுல ஒரு வரிசைக்கு 6 குழிதான் வரும். ரெண்டு வரிசையை வெட்டி எடுத்துக்கிட்டு, மிச்ச அட்டையில ரெண்டு குழியை வெட்டி ஓரத்துல ஆளுக்கொண்ணு ஒட்டினா ஆளுக்கு ஏழா 14. ரெண்டு ஏழு குழிப் பணியாரக் கல்லை வச்சு ஆடலாமேன்னு யாராவது சொல்வாங்க. கணக்கு சரியா வரும், ஆனா குழி வட்டமா இருக்கறதால எந்தப் பக்கம் போடறதுங்கற சண்டையே தீராது. கல்லுல ஒட்டியிருக்கிற எண்ணெய் வேற புளியங்கொட்டையில ஏறும்.

குழிக்கு 5 காய் (புளியங்கொட்டை), மொத்தம் 70. ஆறு வயசுக்கு முதல் நாளே இதைக் குடுத்தா ஒரு ஆட்டம் முடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடும். பக்கத்துக்கு 4 குழி, குழிக்கு 3 காய்னு ஆரம்பிங்க. ஒரு குழியை அள்ளி ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டே போறது, கடைசிக் காய் விழுந்ததும் அடுத்த குழியை அள்ளுறது, அடுத்தது வெறுங்குழின்னா துடைச்சு அதுக்கடுத்ததை எடுத்துக்கறது. இது கைக்கு வந்ததும் பசு சேர்க்கலாம். நாலு காய் சேர்ந்த குழி அந்தப் பக்கத்துக்காரருக்கு. பிள்ளைகளுக்கு அந்தப் பசுதான் ருசி. கூட்டல் தானா வரும், வாய்ப்பாடு சொல்லிக் குடுத்து ஆட்டத்தைக் கெடுத்துடாதீங்க.

ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் காயை எண்ணணும். ஒண்ணு குறைஞ்சா மூணு வயசு எங்கேன்னு பாருங்க. மூக்குல, காதுல போட்டுக்கற வயசு அது.

காரைக்குடி நர்ஸ்:

ஆச்சி சொன்ன கடைசி வரிக்கு அடிக்கோடு போடறேன். மூக்குல போன புளியங்கொட்டையை ஊக்கு, பட்ஸ், கொண்டை ஊசின்னு எதையும் விட்டு எடுக்கப் போகாதீங்க, உள்ளதான் தள்ளும். தண்ணியும் விடாதீங்க, கொட்டை ஊறிப் பெருக்கும். நேரா டாக்டர்கிட்ட.

குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பும் கருப்புமா அழகா இருக்குன்னு பழைய பெட்டியிலிருந்து எடுத்துக் குடுக்கறாங்க. கடிச்சு உடைஞ்சு உள்ள போனா கொடிய விஷம். வாந்தி வரட்டும், பார்ப்போம்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். காட்டாமணக்குக் காம்பை ஒடிச்சு அதோட பால்ல நுரை முட்டை ஊதறதும் இங்க பழக்கம். அந்தக் கொட்டையும் விஷம், பால் கண்ணுல பட்டா எரியும். அதுக்குப் பதிலா சோப்பு நுரை இருக்கே.

வெளிநாட்டுப் பொம்மையோட வர்ற பிள்ளைகளுக்கு இன்னொண்ணு: சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி போட்ட பொம்மைகளை, பேட்டரி மூடியில திருகாணி இருக்கான்னு பார்த்துட்டுக் குடுங்க. பேட்டரியை முழுங்கினா சில மணி நேரத்துக்குள்ளயே தொண்டையைப் புண்ணாக்கிடும். புளியங்கொட்டையைவிட அதுதான் அவசரம்.

கோனாபட்டு வாத்தியார்:

சோப்பு முட்டை விடுவதற்கு அளவு: 6 பங்கு தண்ணீர், 1 பங்கு பாத்திரம் கழுவும் திரவம், அரைப் பங்கு சர்க்கரை. தண்ணீரை வெதுவெதுப்பாக்கி முதலில் சர்க்கரையைக் கரைத்து, பிறகு சோப்பைச் சேர்த்து, நுரை வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும். இரவு முழுக்க அப்படியே வைத்தால் மறுநாள் முட்டை நிலைத்து நிற்கும்.

இது பலருக்குச் சரியாக வராததற்குக் காரணம் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் முட்டை சரியாக நிலைக்காது. குடிக்கிற தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் எடுங்கள். அடுத்த காரணம் நேரம். மே மாத மத்தியானக் காற்றில் முட்டையின் தோல் உடனே காய்ந்து வெடித்துவிடும். காலை 7 மணிக்குள், அல்லது வாசல் தெளித்த ஈரம் இருக்கும்போது ஊதினால் வித்தியாசம் தெரியும்.

சின்னப் பிள்ளைகள் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடுவார்கள். குழாயில் வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டால், ஊதினால் முட்டை வரும், உறிஞ்சினால் காற்றுதான் வரும். மூன்று வயதுக்குக் குழாயே வேண்டாம். பழைய பிளாஸ்டிக் வளையலில் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றி, ஒரு குச்சியில் கட்டி, முக்கி வீசச் சொல்லுங்கள். நூல் கரைசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெறும் வளையலில் வழிந்துவிடும். பப்பாளிக் காம்பைக் குழாயாக்கினால் பால் வடிந்து நிற்கும்வரை கழுவி, காயவைத்த பிறகே வாயில் வைக்கலாம். அந்தப் பால் உதட்டை அரிக்கும்.

வளவை வைத்தே ஒன்று செய்யலாம், செலவில்லை. காலையில் வெயில் மேற்குப் பத்தியில் விழும், நேரம் ஆக ஆகக் கிழக்கே நகரும். வெயில் ஓரத்தில் மணிக்கு ஒரு சாக்பீஸ் கோடு. ஆறு வயதுக்கு இதுவே கடிகாரம். ஒன்பது வயதுக்கு 12 அங்குலக் குச்சியை நட்டுக்குத்தாக நிறுத்தி நிழலை அளக்கக் கொடுங்கள். காரைக்குடி வட்டாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு இல்லை, 12.10, 12.15 ஒட்டி. ஏப்ரல் 16 வாக்கில் அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. மே 20 வாக்கில் 2 அங்குல நிழல் தெற்கே விழும். மார்கழித் தொடக்கத்தில் அதே குச்சிக்கு 8 அங்குலம், வடக்கே. ஆகஸ்ட் 27 வாக்கில் மறுபடி நிழல் காணாமல் போகும். "நிழல் தெற்கே விழுமா?" என்று பெரியவர்களே கேட்பார்கள், அளந்து காட்டலாம். குச்சி சாய்ந்திருந்தால் எல்லாக் கணக்கும் கெடும், நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். முற்றத்துக் கல் அந்நேரம் காலைச் சுடும், செருப்பு முக்கியம். சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது, தரையை மட்டும்.

தேவகோட்டை அடுப்படி:

பலகாரத்துல பிள்ளைகளைச் சேர்க்கணும்னா சீப்புச் சீடைதான் என் வோட்டு. உப்புச் சீடை உருண்டை எண்ணெயில வெடிக்கும், உள்ள மாட்டின ஈரம் வெளிய வர வழி இல்லை. சீப்புச் சீடை ரெண்டு பக்கமும் திறந்த குழல், ஆவி போயிடும்.

சலிச்ச அரிசி மாவு 2 கப், வறுத்து அரைச்ச உளுந்து மாவு கால் கப், உப்பு 1 தேக்கரண்டி. கெட்டித் தேங்காய்ப்பால் முக்கால் கப்பைச் சூடாக்கி, 1 மேசைக்கரண்டி வெண்ணெயைக் கரைச்சு ஊத்திப் பிசையணும். மாவு உதிர்ந்தா இன்னும் பால், ஆனா கரண்டி கரண்டியா. பால் கூடினா எண்ணெய் குடிச்சு நமத்துப் போகும், குறைஞ்சா வளையம் எண்ணெயில வாயைத் திறக்கும். வெண்ணெய் கூடினா கரைஞ்சே போகும்.

சீப்புச் சீடை அச்சுல பட்டையாப் பிழிஞ்சு, ஒன்றரை அங்குலத் துண்டா நறுக்கி, விரல்ல சுத்தி ஓரத்தை அழுத்தி ஒட்டறதுதான் பிள்ளைகள் வேலை. அவங்க கை மெதுவாப் போகும், மாவு காஞ்சு விரியும். மாவை மூணா உருட்டி ஈரத்துணி மூடி வச்சு, ஒவ்வொண்ணாக் குடுங்க. அவங்க விரல் சன்னம், வளையமும் சின்னது, சீக்கிரம் சிவக்கும். பெரியவங்க சுத்தினதையும் அவங்க சுத்தினதையும் ஒரே ஈடுல போட்டா ஒண்ணு கருகும், ஒண்ணு வேகாது. தனித்தனியாப் போடுங்க. அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னால பிள்ளைகள் அடுப்படியை விட்டு வெளிய. மூணு வயசுக்குப் பால்ல ஊற வச்சுக் குடுங்க, மொறுமொறுன்னு இருக்கறது தொண்டையில மாட்டும்.

பனங்காட்டான்:

ஓலைக் காத்தாடியைச் சொல்லாம விட்டுட்டேன். 1 அங்குல அகலம், 6 அங்குல நீளத்துல ரெண்டு ஓலைத் துண்டு, குறுக்கே வச்சு நடுவுல ஈர்க்கு. அது நல்லா ஓடற அளவுக்கு ஓட்டை பெருசா இருக்கணும், நுனியில ஒரு பாசிமணி. சுத்தலைன்னா காரணம் மடிப்பு. நடுவிலிருந்து பார்க்கறப்ப நாலு கையிலயும் வலது ஓரம் மேல இருக்கணும். ஒரே துண்டோட ரெண்டு முனையிலயும் ஒரே ஓரத்தை மடிச்சா ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிறுத்திடும். கருவேல முள்ளு சொருகறது பழைய வழக்கம், ஓடுற பிள்ளைக்கு அது வேண்டாம்.

பூவரசம் பீப்பீக்கு ரொம்ப இளசு இலையும் வேண்டாம், முத்தலும் வேண்டாம். காம்பைக் கிள்ளிட்டுச் சுருட்டி, ஊதற முனையை மட்டும் நசுக்கணும். இறுக்கமாச் சுருட்டினா ஊமை.

கண்டனூர் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. பனங்காட்டான் அண்ணே, நுங்கு வாங்கறப்ப கடைக்காரர்கிட்ட எப்படிக் கேக்கணும்? அவங்க சீவி, சுளையை மட்டும்தானே எடுத்துத் தர்றாங்க.

பனங்காட்டான்:

"தோண்ட வேண்டாம், தலையை மட்டும் சீவிக் குடுங்க"ன்னு கேளுங்க தங்கச்சி. ஒரே குலையில அடுத்தடுத்து இருக்கிற காயா எடுத்துக்கிட்டா அளவு ஒத்து வரும். மூணு கண்ணு உள்ளதா எடுங்க. ரெண்டு கண்ணுக் காய் தட்டையா இருக்கும், உருளாது. வண்டிக்கு ரெண்டு, உபரியா ஒண்ணு.