அழைப்பு அறிக்கையில் நேரம் முன்பின்னாக வருகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் அலுவலகத்தில் பி.பி.எக்ஸ். (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்), குரல் பதிவு, அழைப்பு அறிக்கை என மூன்றுக்கும் தனித்தனி சர்வர்கள். மூன்றும் ஆளுக்கொரு நேரம் காட்டுகின்றன.

ஓர் உதாரணம்: அழைப்பு 10:14:50-க்கு வந்ததாக பி.பி.எக்ஸ். சொல்கிறது. அதே அழைப்பை ஊழியர் 10:14:38-க்கே எடுத்துவிட்டதாக அறிக்கை சொல்கிறது. மணி அடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டாராம்! காத்திருப்பு நேரம் மைனஸில் போகிறது. இந்தக் கணக்கை வைத்துத்தான் ஊழியர்களை எடைபோடுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நேர மண்டலக் கோளாறு இல்லை. அப்படியிருந்தால் மணிக்கணக்கில் தள்ளியிருக்கும். மூன்றிலும் ஒரே என்.டி.பி. (நெட்வொர்க் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) முகவரிதான். ஃபயர்வாலில் அதற்கான யு.டி.பி. 123 போர்ட்டும் திறந்திருக்கிறது. ஆனாலும் பி.பி.எக்ஸ். கடிகாரம் சில நாட்களில் மறுபடி நழுவிவிடுகிறது.

பி.பி.எக்ஸ். மெய்நிகர் கணினியில் (இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் கணினி) ஓடுகிறது. அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினி ஒரு பக்கம் தன் நேரத்தைத் திணிக்க, என்.டி.பி. இன்னொரு பக்கம் இழுக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். ஹோஸ்ட் ஒத்திசைவை நிறுத்திவிட்டு என்.டி.பி.யை மட்டும் நம்பலாமா? உள் நெட்வொர்க்கிலேயே ஒரு நேர சர்வரை வைத்து, மூன்றையும் அதைப் பார்க்கச் செய்வது மேலா? மேசை போன்களுக்கு டி.எச்.சி.பி. (நெட்வொர்க் அமைப்புகளைத் தானாக வழங்கும் முறை) ஆப்ஷன் 42 வழியாக அதே முகவரியைக் கொடுத்துவிடலாம், அது பெரிய வேலையில்லை.

வேலை நேரத்தில் கடிகாரத்தை ஒரேயடியாகத் தள்ளிவைத்தால், நடந்துகொண்டிருக்கும் அழைப்புகளின் கால அளவு கெட்டுப்போகுமா? ஏற்கெனவே பதிவான தவறான நேரங்களை யாராவது திருத்தியிருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.