பிங்க் லேடி: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

எடோகவா வாசி எழுதியது:

பிங்க் லேடி என்ற பெயரில் 1970களில் ஜப்பானைக் கலக்கிய பாட்டு இணையான மீ, கேய் இருவரும் யார், ஷிசுவோகாவில் ஒரே பள்ளியில் படித்த தோழிகள் எப்படி மேடை ஏறினார்கள், முதல் பாடலிலிருந்தே எப்படி முதலிடத்தில் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் இங்கே வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது ஒரே ஓர் இரவைப் பற்றி.

டோக்கியோவில் எங்கள் நிறுவனத்தின் ஆண்டிறுதி விருந்து. சாப்பாடு முடிந்து கரோக்கே அறைக்குப் போனோம். எங்கள் பிரிவுத் தலைவர் மறு மார்ச்சில் ஓய்வு பெறப் போகிறவர். அறிக்கையை நீட்டினால் முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தித் தருகிறவர். அவர் பிங்க் லேடியின் 'யூஃபோ' பாட்டைத் தேர்ந்தெடுத்தார். கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். அறையின் நடுவில் நிற்காமல் ஓர் ஓரமாகப் போய் நின்றார். பக்கத்தில் இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. துணைக்கு ஆள் தேடுகிறார் போலும் என்று நான் எழுந்தேன். மூத்த ஊழியர் ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

அவர் ஆடினார். தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகும் அந்த அசைவு, இடுப்புத் திருப்பம், எதுவும் பிசகவில்லை. பாட்டின் கடைசிப் பகுதியில் திடீரென்று அந்தக் காலியிடத்துக்குத் தாவி, மற்றவர் ஆட வேண்டிய அடியை ஆடிவிட்டு, மறுபடியும் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தாராம். ஒவ்வோர் ஆண்டும் இருவரும் சேர்ந்துதான் ஆடுவார்களாம். அவர் அந்தக் கோடையில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். பிரிவுத் தலைவர் அந்த இடத்தைப் பாசத்தில் விட்டு வைத்தாரா, அல்லது அந்த ஆளை எங்கள் எல்லோர் முன்னிலையிலும் திட்டினாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஊசிநூல் எழுதியது:

நான் ஷிசுவோகா மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். பாட்டும் தெரியாது, இசைத்தட்டும் தெரியாது. என் கதையை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறை நெருங்கும் பாட்டி ஒருவர் எங்களிடம் இருக்கிறார். பேச்சு அபூர்வம். இரண்டு மகள்கள், ஒரு ஞாயிறு ஒருத்தி, மறு ஞாயிறு மற்றவள். சேர்ந்து வந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் இளையவர் வந்திருந்தபோது தொலைக்காட்சியில் பழைய பாட்டு நிகழ்ச்சி ஓடியது. வெள்ளிச் சரிகை உடையில் அந்த இருவரும் வந்தார்கள். இளையவர் என்னிடம் சொன்னார்: "அம்மா எங்கள் இருவருக்கும் இதே மாதிரி தைத்துக் கொடுத்தார். தெருவில் திருவிழா என்றால் நாங்கள்தான் ஆடுவோம். அக்கா எப்போதும் மீ. நான் எப்போதும் கேய். ஒரு தடவைகூட மாற்றிக்கொள்ள அவள் விடவில்லை." ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, உதடு துடிக்கச் சொன்னார்.

பாட்டி கண்ணைத் திறக்காமல், தெளிவாக, "உன் உடைக்குத்தான் துணி அதிகம் பிடித்தது. நீ குண்டு" என்றார்.

இளையவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தேநீர்ப் புட்டியோடு திரும்பி வந்தும் உட்காரவில்லை.

என்னைக் குடைவது இது இல்லை. அடுத்த வாரம் மூத்தவர் வந்தார். பேச்சுவாக்கில், "நீங்கள்தான் மீயாமே" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "யார் சொன்னது? நான்தான் கேய். மீயை அவள் விட்டே கொடுக்க மாட்டாள்" என்றார்.

பாட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். தூங்கிவிட்டார், அல்லது தூங்குகிற மாதிரி இருந்துவிட்டார்.

பழந்தட்டு எழுதியது:

முதல் இடுகையில் பிழை இருக்கிறது. அவர்களின் முதல் பாடலான 'பெப்பர் கெய்பு' 1976 ஆகஸ்ட் 25 அன்று வந்தது. ஜப்பானின் இசைத்தட்டு விற்பனையை வரிசைப்படுத்தும் ஓரிக்கன் பட்டியலில் 4ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அடுத்து வந்த 'எஸ்.ஓ.எஸ்.' தொடங்கி 1978 டிசம்பரில் வந்த 'கமேலியன் ஆர்மி' வரையிலான ஒன்பது பாடல்கள்தான் தொடர்ந்து முதலிடம் பிடித்தவை. 1979இல் 'ஜிபாங்கு' அந்தச் சங்கிலியை அறுத்தது. அகு யூ எழுதி, தொகுரா ஷுன்இச்சி இசையமைத்து, தொய் ஹாஜிமே ஆட்டம் அமைத்த அந்தக் கூட்டணியை மதிக்கிறவர்கள் 'முதல் பாடலிலிருந்தே' என்று எழுதக் கூடாது.

என் அனுபவம் சிறியது. டோக்கியோவில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, பழைய இசைத்தட்டுக் கடையில் 'ஜிபாங்கு' கேட்டேன். கடைக்காரர் நூறு யென் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளி, "எல்லோரும் யூஃபோ கேட்பார்கள். இறங்குமுகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் நீங்கள்தான்" என்றார். அந்தக் காலால் தள்ளிய விதம் மறக்கவே இல்லை.

இருவரும் 1981இல் பிரிந்ததற்கு, அமெரிக்காவில் பெயர் வாங்கப் போன பயணத்தைக் காரணம் சொல்கிறார்கள். அதற்கு முன்பே விழுந்த அடியை யாரும் பேசுவதில்லை. 1978 டிசம்பர் 31 அன்று ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஆண்டிறுதி கோஹாகு பாட்டு நிகழ்ச்சிக்கு வர மறுத்து, வேறு அலைவரிசையில் தனி நிகழ்ச்சி நடத்தினார்கள். நாட்டில் எழுபது சதவீதத்துக்கும் மேல் கோஹாகு பார்த்தது. இவர்களுக்கு ஒற்றை இலக்கம். அதே ஆண்டு ஜப்பான் இசைத்தட்டு விருதின் முதல் பரிசு 'யூஃபோ'வுக்கு! விருது வாங்கிய ஆண்டின் கடைசி இரவில் அவர்களைப் பார்க்க ஆளில்லை. முடிவு எடுத்தது அந்த இருவரா, மேலாளர்களா என்று நீங்களே யோசியுங்கள்.

இனி, இந்தத் தட்டுகளை வாங்கி ஊருக்கு எடுத்துப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜப்பானியத் தனிப்பாடல் தட்டுகளின் நடுத்துளை பெரும்பாலும் பெரியது. அதற்கு வட்டமான அடாப்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், வளைந்துவிடும். புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள், சாய்வும் கூடாது. சென்னைக் காற்றின் ஈரத்தில் அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கும். உள்ளுறையை மாற்றுங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், அது ஈரம் குடித்ததும் மாற்றுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், வெளிச்சுவர் என்றால் கட்டாயம் கூடாது. தட்டின் ஓரத்தையும் நடு வட்டத்தையும் மட்டும் தொடுங்கள். துடைக்கும்போது பள்ளங்களின் போக்கில் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். தாத்தா காலத்து அரக்குத் தட்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றின் அருகே ஆல்கஹாலைக் கொண்டுபோகவே கூடாது.

தட்டை ஓட்டும் சுழல்மேடையையும் அங்கேயே வாங்கி வருகிறவர்கள் கவனியுங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. மின்மாற்றி இல்லாமல் செருகினால் புகைதான் மிஞ்சும். அதைவிட முக்கியம்: டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். மின்னோட்டத்தின் வேகத்தையே நம்பிச் சுழலும் பழைய மோட்டார் என்றால், ஒசாகாவுக்காக அமைத்தது நம் ஊரில் மெதுவாகச் சுற்றும். மீயும் கேயும் ஆண்குரலில் பாடுவார்கள். கப்பி மாற்ற முடியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

அண்ணா, என்னிடம் தட்டும் இல்லை, சுழல்மேடையும் இல்லை. அந்த அக்கா தங்கையில் யார் சொல்வது உண்மை என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

பழந்தட்டு எழுதியது:

தங்கச்சி, இரண்டு பேருமே கேயாக ஆடியிருக்கலாம். உடை ஒன்றுபோலத்தானே இருந்திருக்கும், யார் பிரித்துப் பார்த்தார்கள்? சொல்ல மறந்தது: சிலிக்கா ஜெல்லை வெயிலில் காய வைத்தால் போதாது, லேசான சூட்டில் உலர்த்த வேண்டும்.

ஒஹையோ 80 எழுதியது:

பழந்தட்டு ஐயா அமெரிக்கப் பயணத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டார். நான் அதைக் கண்ணால் பார்த்தவன்.

1979இல் இவர்களின் 'கிஸ் இன் தி டார்க்' பாடல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 37ஆம் இடம் வந்ததும், அந்நாட்டு என்பிசி அலைவரிசை இவர்களை ஒரு நகைச்சுவை நடிகருடன் சேர்த்து ஒரு மணி நேர நிகழ்ச்சியில் போட்டது. 1980 மார்ச், ஏப்ரல். எடுத்தது ஆறு பகுதிகள், ஒளிபரப்பானது ஐந்து. நான் அப்போது ஒஹையோவில் முதுகலை மாணவன், இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கியிருந்தேன். எதை எப்போது சொல்ல வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்பதை முந்தின இரவே எழுதி உருப்போட்டுக்கொண்டு போகிற காலம். விடுதிப் பொது அறையில் இந்த நிகழ்ச்சி ஓடியது.

அந்த இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார்கள். கூட இருந்தவர்கள் அவர்கள் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கவனித்தது வேறு. அந்த நடிகர் ஒரு நகைச்சுவையைச் சொல்லி முடிப்பார், கூட்டம் சிரிக்கும், அதற்கு அரை நொடி கழித்து இவர்கள் முகத்தில் சிரிப்பு வரும். இருவர் முகத்திலும் சரியாக ஒரே கணத்தில். காலெடுத்து வைப்பதுபோலவே சிரிப்பையும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்! மறுநாள் வகுப்பில், ஒரு மாணவன் ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அரை நொடி கழித்து. வகுப்பில் யாராவது கவனித்தார்களா என்று இன்றும் யோசிப்பேன்.

தோல்வி தோல்வி என்று எழுதுகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். 1963இல் பாடகர் சகமோட்டோ கியூவுக்குப் பிறகு அமெரிக்காவின் முதல் நாற்பதுக்குள் வந்த ஜப்பானியர்கள் இவர்கள்தான். ஊரில் உச்சத்தில் இருந்தபோது இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்கினார்கள். அப்படிப்பட்ட இரண்டு பெண்களை, தெரியாத மொழியில், ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1980 செப்டம்பர் 1 அன்று பிரியப்போவதாக அறிவித்தார்கள். கோஹாகு ஒரு சறுக்கல், அவ்வளவே. உடம்பும் மனமும் தேய்ந்ததுதான் காரணம் என்பேன். தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் தூக்கத்தைக் குறைக்காதீர்கள். முதல் பருவத்தில் எடுக்கும் பாடங்களையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

எடோகவா வாசி எழுதியது:

4ஆம் இடத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. ஆனால் நான் கேட்டது வேறு. பிரிவுத் தலைவரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே.

மாடிவீடு எழுதியது:

எடோகவா நண்பருக்கு: திட்டத்தான் செய்திருக்கிறார். பாசம் இருந்தால் உங்களை ஆட விட்டிருப்பார்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மாவைப் பற்றி எழுதத்தான் வந்தேன். 1981 மார்ச் 31 அன்று டோக்கியோவின் கொராகுவென் மைதானத்தில் நடந்த கடைசி நிகழ்ச்சிக்கு அவரிடம் டிக்கெட் இருந்தது. பள்ளிச் சிறுமி. குளிர், மழை, வீட்டில் விடவில்லை. அதே மைதானத்தில் 1978இல் கேண்டீஸ் என்ற பெண் பாட்டுக் குழுவின் மூவர் விடைபெற்றபோது கூட்டம் நிரம்பி வழிந்ததும், இவர்களுக்கு இருக்கைகள் காலியாகக் கிடந்ததும் எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதுவதுதானே. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் அம்மாவுக்கு முகம் சிவந்துவிடும். "மழையை ஏன் எழுதுவதில்லை? டிக்கெட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை ஏன் எண்ணுவதில்லை?" என்பார்.

2010இல் அந்த இருவரும், கலைத்ததை ரத்து செய்கிறோம் என்று அறிவித்தார்களே, அதன்பின் நடந்த நிகழ்ச்சி ஒன்றுக்கு என்னையும் அழைத்துப் போனார். ஐம்பதைத் தாண்டிய இருவரும் பழைய அசைவுகளை ஒன்றுவிடாமல் ஆடினார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கூடவே கையை ஆட்டினார்கள். அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, தேர்வு அறைக் கண்காணிப்பாளர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு முடிந்தது. அவர்கள் திரும்பித் தண்ணீர் எடுத்தார்கள். அரங்கம் அமைதியாக இருந்த அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்து நின்று, "மெதுவாகக் குடியுங்கள்! புரை ஏறப்போகிறது!" என்று கத்தினார். அவர்களைவிடப் பத்து வயது சிறியவர் இவர்.

முன்வரிசை வரைக்கும் சிரிப்பு. எனக்குத் தலை நிமிரவில்லை. அம்மா உட்கார்ந்து, "உனக்கு என்ன தெரியும், இவர்களுக்கு யாரும் அன்று தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை" என்றார்.

பழந்தட்டு ஐயா, அந்த அம்மாவிடம் ஒன்பது தட்டுகளும் இருக்கின்றன. மாடியில், படுக்க வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக. நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.