400 பேர், இரண்டு நாள், பெங்களூர்: குப்பையும் டீசலும் குறைய என்ன செய்யலாம்?

அல்சூர்வாசி
நவம்பரில் 400 பேருக்கு இரண்டு நாள் தொழில் மாநாடு. நட்சத்திர ஹோட்டல் இல்லை, வாடகை மண்டபம். அழைப்பிதழில் ‘பசுமை மாநாடு’ என்று அச்சடித்தாயிற்று. அதற்குமேல் எதுவும் முடிவாகவில்லை. கேட்டரிங், ஸ்டால், ஜெனரேட்டர் எல்லாம் கொட்டேஷன் நிலையில் இருக்கின்றன. செய்து பார்த்தவர்கள் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். மரக்கன்று கொடுக்கலாம் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

பந்தி மேற்பார்வை
கொட்டேஷன் நிலையில் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. ஒப்பந்தத்தில் எழுதாத எதுவும் அன்றைக்கு நடக்காது.

கேட்டரரிடம் “பிளாஸ்டிக் வேண்டாம்” என்று வாயால் சொன்னால் பேப்பர் கப் வந்து இறங்கும். அதன் உள்பக்கம் பாலிஎத்திலீன் பூச்சு. ஈரக்குப்பையிலும் சேராது, பழைய காகிதக்காரரும் வாங்கமாட்டார். ‘மக்கும்’ என்று முத்திரை போட்ட பிஎல்ஏ (தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கப், 58 டிகிரி சூடு பிடித்துவைக்கும் தொழில்முறை உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். பாக்குமட்டைத் தட்டு நல்லதுதான், ஆனால் மெதுவாக மக்கும். தட்டில் மிஞ்சும் உணவை பயோகேஸுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் தட்டைத் தனியாகப் பிரித்தாக வேண்டும். ஆக, கழுவிப் பயன்படுத்தும் ஸ்டீல் அல்லது பீங்கான் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

எண்ணிக்கை: 400 பேருக்கு 450 செட் தட்டு. டம்ளர் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு நான்கு டீ வேளை வைத்தால் இரண்டு நாளில் 3,200 கப். அதையே 450 ஸ்டீல் டம்ளரை ஒவ்வொரு வேளைக்கும் நடுவில் கழுவிச் சமாளிக்கலாம். அதற்கு இரண்டு பேர் அங்கேயே நிற்க வேண்டும். வழித்துத் தள்ளுவது, சோப்பு வெந்நீர், அலசல் என்று மூன்று தொட்டி. ஒரு செட்டுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் இந்தக் கணக்கு நிற்காது. எச்சில் டப்பாவின் வாயில் கம்பிவலைத் தட்டு ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பூன்கள் குப்பையோடு போகும். கேட்டரரிடம் போதிய பாத்திரம் இல்லையென்றால் பெங்களூரில் பாத்திரங்களை இரவல் தரும் தட்டு வங்கிகள் இருக்கின்றன. அதம்ய சேதனா என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது பலருக்கும் தெரிந்தது. எண்ணி வாங்கவும் எண்ணிக் கொடுக்கவும் ஒரே ஆளைப் போடுங்கள்.

எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு. 400 பேர் மாநாடு என்றால் ஸ்டால் அடிப்பவர், ஒலி-ஒளி ஆட்கள், டிரைவர், செக்யூரிட்டி என்று எழுபது எண்பது பேர் பின்னால் இருப்பார்கள். முன்னால் பீங்கான் தட்டு, பின்னால் இவர்களுக்குப் பாலிதீன் கவரில் சாம்பார் என்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. அவர்களையும் முதல் நாளே பந்தி எண்ணிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

சர்ஜாபூர் ரோடு
அண்ணே, சமைக்கும் அளவு பற்றி ஒரு வார்த்தை. இலவசப் பதிவு என்றால் பதிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குதான் வருவார்கள். கட்டணம் கட்டியவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் வந்துவிடுவார்கள். இரண்டாம் நாள் மதியம் பந்தி எப்படியும் இளைக்கும், ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். 75 சதவீதத்துக்குச் சமைத்துவிட்டு, சாதத்தையும் சப்பாத்தியையும் கூட்டம் பார்த்து இரண்டாம் அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். குழம்பும் கூட்டும் முழு அளவில் இருக்கட்டும், அவை சட்டென்று பெருகாது.

மிஞ்சியதைக் கொடுப்பதற்கு 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தனி விதிமுறையே கொண்டுவந்தது. நடைமுறையில், பஃபே மேசையில் கரண்டி பட்டதைக் கொடுக்க முடியாது. சமையற்கட்டில் மூடிவைத்து 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருப்பதுதான் செல்லும். ஆறிய சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆயுள். எடுத்துப்போகும் குழுவிடம் ஒரு வாரம் முன்பே பேசி, அன்று 2 மணிக்கே அளவைச் சொல்லிவிடுங்கள். நாலு மணிக்குக் கூப்பிட்டால் வருகிறவர்களுக்கும் தர்மசங்கடம், சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து.

கேன் கணக்கு
தண்ணீர்: ஏசி மண்டபத்தில் தலைக்கு ஒன்றேகால் லிட்டர். 400 பேருக்கு 500 லிட்டர், அதாவது நாளைக்கு 20 லிட்டர் கேன் 25. ஐந்து கேன் உபரி. டிஸ்பென்சர் 75 பேருக்கு ஒன்று. இரண்டே இடத்தில் வைத்தால் இடைவேளையில் வரிசை நீளும், உடனே யாராவது ‘அவசரத்துக்கு’ என்று 200 மில்லி பாட்டில் பெட்டியைப் பிரித்துவிடுவார்கள். அந்தப் பெட்டியே உள்ளே வராமல் கொட்டேஷனில் அடித்துவிடுங்கள். மேடைக்கு மூடிபோட்ட கண்ணாடிக் கூஜா போதும்.

ஈரம்-உலர்
குப்பைத் தொட்டி நிறம் முதலில். பெங்களூர்க்காரர்களுக்குப் பழகியது பச்சைத் தொட்டியில் ஈரம், சிவப்புத் தொட்டியில் நாப்கின், டயபர் போன்ற கழிவு, பையில் உலர்குப்பை. வெளியூர்க்காரர்களுக்கு நீலம்தான் உலர்குப்பை. நிறத்தை நம்பாமல் தொட்டிமேல் அசல் பொருளையே ஒட்டுங்கள்: ஒரு காகிதம், ஒரு வாழைப்பழத்தோல், ஒரு டிஷ்யூ. தனித் தொட்டியே எங்கும் இருக்கக் கூடாது; மூன்றும் சேர்ந்து, பக்கத்தில் ஒரு ஆள். 100 பேருக்கு இப்படி ஒரு இடம் போதும். காசைக் கெடுப்பது எண்ணெய் பட்ட டிஷ்யூ. உலர்பையில் அது விழுந்தால் காகிதம் முழுக்க வீண்.

இவ்வளவும் சரியாக நடந்து, இரவு மண்டபத்துத் துப்புரவுக் குழு வந்து எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டிவிடும். தவறு அவர்கள்மேல் இல்லை, யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். குப்பையை எடுப்பவர் யார், எங்கே போகிறது என்று முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். ஹசிரு தளா, சாஹஸ் போன்றவர்கள் இந்த ஊரில் நிகழ்ச்சிக் குப்பையைக் கையாண்டு பழகியவர்கள். பின்வாசலில் ஒரு தொங்கும் தராசு போட்டு ஒவ்வொரு பையையும் எடை எழுதுங்கள். தட்டு எச்சில் தலைக்கு 60 முதல் 100 கிராம், 400 பேருக்கு 25-40 கிலோ என்று எதிர்பார்க்கலாம். அதற்குமேல் போனால் தட்டில் போடும் கரண்டி பெரியது என்று அர்த்தம்.

உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லின. திறந்த மைதானம் எடுப்பவர்கள் கவனிக்கவும்.

125 கேவிஏ
ஜெனரேட்டர் பற்றி யாரும் பேசவில்லையே. லோடு பட்டியல் கேட்காமல் கொட்டேஷன் தருபவரை அனுப்பிவிடுங்கள். 80 கிலோவாட் லோடுக்கு 100 கேவிஏ ஆகிறது. 125 கேவிஏ செட் தாராளம். ‘சேஃப்டிக்கு’ என்று 250 கேவிஏ கொண்டுவந்து நிறுத்துவார்கள். சாப்பாட்டு நேரத்தில் லோடு 40 கிலோவாட்டுக்கு இறங்கும்போது அது தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கில் ஓடும். சிலிண்டர் போதிய சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, புகைக்குழாயில் கரி எண்ணெய் கசியும். நல்ல லோடில் லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் கிடைக்க வேண்டியது வெகுவாகக் குறையும். ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 2.7 கிலோ கார்பன் டைஆக்சைடு.

இதைவிட மோசம் முந்தின இரவு. ஸ்டால் அடிக்க நாலு டிரில்லும் பத்து விளக்கும். அதற்குப் பெரிய செட் விடிய விடிய ஓடும். இரவுக்கு மண்டபத்து மின்சாரமே போதும். போதாவிட்டால் மின்வாரியமான பெஸ்காமில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். வாடகைக்கு எடுக்கும் செட் 2023 ஜூலைக்குப் பிந்தைய சிபிசிபி 4+ (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை அளவு) தரமா என்று தகட்டைப் பாருங்கள்.

ஏசி 24-இல் நிற்கட்டும். டிகிரிக்கு சுமார் 6 சதவீதம் மிச்சம். சரக்கு ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு ஏசி போடாதீர்கள். நவம்பர் பெங்களூரில் அமைப்பு வேலைக்கு ஏசியே வேண்டாம்.

துணிக்கடை வீதி
பேனர். கர்நாடகத்தில் 2016-லிருந்தே ஃபிளெக்ஸுக்குத் தடை. ஆனாலும் ‘ஈகோ பேனர்’ என்று ஒன்றை நீட்டுவார்கள். ஈகோ சால்வென்ட் என்பது மையின் பெயர். அடியில் இருப்பது அதே பிவிசியாக இருக்கலாம். ‘துணி’ என்று சொல்லிப் பாலியஸ்டரையும் தருவார்கள். ஓரத்து நூலைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். பருத்தியில் பேக்டிராப் அடித்தால் சுருக்கம் தெரியும், மேலும் கீழும் நான்கு அங்குலப் பைத்தையல் போட்டுப் பைப் செருகச் சொல்லுங்கள். ஆண்டும் தேதியும் தனித் துண்டில் இருந்தால் அடுத்த வருடமும் அதே துணி.

ஸ்டாலுக்கு ஆக்டனார்ம் (கழற்றி மாட்டும் அலுமினிய) சட்டமே வாடகைக்கு எடுங்கள். பிளைவுட்டில் கட்டினால் மூன்றாம் நாள் உடைத்துக் குவியல்தான். கார்ப்பெட் விரிக்கவே வேண்டாம். 3×3 மீட்டரில் 40 ஸ்டால் என்றாலே 360 சதுர மீட்டர், நடைபாதை வேறு. ஒரு முறை மிதித்த அந்த விரிப்பை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

கன்டோன்மென்ட்
எல்லாரும் தட்டையும் தொட்டியையும் பேசுகிறீர்கள், வெளியூரிலிருந்து ஆட்கள் வரும் மாநாட்டில் பயணம்தான் பெரிய பங்கு. நிகழ்ச்சிநிரலை ரயிலுக்கு ஏற்ப மாற்றுங்கள். சென்னை, கோவை, மதுரை மூன்றிலிருந்தும் வந்தே பாரத் இருக்கிறது. முதல் நாள் 9 மணிக்கு ஆரம்பித்தால் சென்னைக்காரர் முந்தின இரவு விமானத்தில் வந்து ஹோட்டலிலும் தங்குவார். பிற்பகல் 2 மணிக்கு ஆரம்பித்தால் காலை ரயிலில் வந்துவிடுவார். வாரத்தில் ஒரு நாள் அந்த ரயில்கள் ஓடாது, தேதி குறிக்கும்முன் பாருங்கள். விமானத்தில் வந்தே ஆக வேண்டியவர்களுக்கு வாயு வஜ்ரா விமான நிலையப் பேருந்தின் வழித்தட எண்ணை அழைப்பிலேயே போடுங்கள். இடம் மெட்ரோ ஒட்டி இருக்கட்டும். 2024 நவம்பரில் பச்சைத் தடம் மாதாவரா வரை நீண்டதிலிருந்து துமகூரு ரோட்டு கண்காட்சி மையத்துக்கே மெட்ரோவில் போகலாம்.

அல்சூர்வாசி
நன்றி. மேடை மரியாதைக்கு என்ன செய்வது? மைசூரு பேட்டா (தலைப்பாகை), சால்வை, பழக்கூடை இல்லாமல் இங்கே ஒருவரும் மேடை இறங்கமாட்டார்கள்.

பந்தி மேற்பார்வை
பேட்டாவும் சால்வையும் போகட்டும், வீட்டில் இருக்கும். பழக்கூடைக்குச் செலோஃபேன் சுற்றக் கூடாது என்று கே.ஆர். மார்க்கெட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலையில் போனால் ஏற்கெனவே சுற்றித்தான் வைத்திருப்பார்கள். பூங்கொத்துக்குப் பதில் ஒரு முழம் மாலை. பேச்சாளர் எட்டுப் பேருக்கு மேல் போனால் கூடையை விட்டுவிடுங்கள் மேடம், பாதியை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.